வீட்டிலேயே சர்க்யூட் போர்டு: முதலில் பாகம், அப்புறம் பலகை

எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பிரெட்போர்டில், அதாவது கம்பிகளையும் பாகங்களையும் துளைகளில் செருகிச் சோதிக்கும் பலகையில்தான் தொடங்குகிறார்கள். கம்பியைச் செருகு, எல்இடி எரிகிறதா பார், பிடுங்கி மாற்று. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் செய்த சர்க்யூட்டை ஒரு டப்பாவுக்குள் வைத்து தினமும் பயன்படுத்த நினைத்தால் பிரெட்போர்டு கைகொடுக்காது. மேசை லேசாக ஆடினால் ஒரு கம்பி தளரும், சர்க்யூட் நின்றுவிடும், எந்தக் கம்பி என்று தேடியே ஒரு மாலை போய்விடும். அங்கேதான் பிசிபி எனப்படும் அச்சுச் சர்க்யூட் பலகை தேவைப்படுகிறது. அதை வீட்டிலேயே செய்யலாம். பெரிய கருவிகள் வேண்டியதில்லை, கொஞ்சம் நிதானம் இருந்தால் போதும்.

பிசிபி எப்படி உருவாகிறது என்பது ரொம்ப எளிய விஷயம். மின்சாரம் கடத்தாத ஒரு பலகை. அதன் மேல் முழுக்க மெல்லிய செப்புத் தகடு ஒட்டியிருக்கும். அந்தச் செம்பில் நமக்கு வேண்டாத இடத்தை எல்லாம் கரைத்து எடுத்துவிட்டால், மிஞ்சும் கோடுகளே கம்பிகளாகிவிடும். ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர் இங்கிலாந்தில் இருந்தபோது, 1936 வாக்கில், ஒரு வானொலிப் பெட்டிக்காக இந்த வகைப் பலகையைச் செய்தார். இன்று நாம் வீட்டில் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

கடையில் கேட்கும்போது 'காப்பர் கிளாட்' என்று கேளுங்கள். இரண்டு வகை கிடைக்கும். பழுப்பு நிறத்தில் இருப்பது காகிதமும் ஃபீனாலிக் பிசினும் சேர்ந்தது; அறுக்கவும் துளைக்கவும் சுலபம், ஆனால் சூடு அதிகமானால் செம்பு பலகையிலிருந்து உரிந்து வரும். வெளிர் மஞ்சள் அல்லது இளம்பச்சையில் இருப்பது எஃப்ஆர்4, அதாவது கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்தது. உறுதியானது, சூடு தாங்கும். தொடக்கத்தில் சால்டரிங், அதாவது உலோகக் கலவையை உருக்கிப் பற்றவைக்கும் வேலை, கை பழகும்வரை ஒரே பேடை (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டு) திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டியிருக்கும் என்பதால் எஃப்ஆர்4 வாங்குவதே நல்லது என்பேன். வழக்கமான தடிமன் 1.6 மி.மீ. செம்பின் கனத்தை 'ஒரு அவுன்ஸ்' என்று குறிப்பிடுவார்கள். ஒரு சதுர அடிப் பரப்பில் ஒரு அவுன்ஸ் செம்பைப் பரப்பினால் வரும் கனம் அது, சுமார் 35 மைக்ரான்.

சரி, பலகை வாங்கியாச்சு, உடனே கணினியில் வரையத் தொடங்கலாமா? வேண்டாம். புதிதாக வருகிறவர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றே ஒன்று: பாகங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு பலகையை வரையுங்கள்.

காரணம் இருக்கிறது. சர்க்யூட் வரைபடத்தில் ஒரு கெபாசிட்டர் என்பது இரண்டு கோடுகள் மட்டுமே. பலகையிலோ அதற்கு உருவம் உண்டு: கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, உடம்பு எவ்வளவு அகலம், எந்தக் கால் எந்தப் பக்கம். இந்த உருவ அளவைத்தான் ஃபுட்பிரிண்ட் என்கிறோம். '100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்' என்று ஒரே பெயரில் விற்கும் இரண்டு கெபாசிட்டர்களின் கால் இடைவெளி ஒன்றில் 2.5 மி.மீ.யாகவும் இன்னொன்றில் 3.5 மி.மீ.யாகவும் இருக்கலாம். மென்பொருள் தரும் ஃபுட்பிரிண்டை நம்பி செம்பைக் கரைத்துவிட்டு, அப்புறம் பாகத்தைத் தேடிப்போனால் பொருந்துவது அதிர்ஷ்டம்தான்.

பாகத்தின் பெயர் ஒத்திருந்தாலும் ஏமாறக்கூடும் என்பதற்கு 5 வோல்ட் ரெகுலேட்டர், அதாவது மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் சீராக நிறுத்தும் பாகம், நல்ல உதாரணம். 7805 என்பது உலோக முதுகுள்ள பெரிய உடம்பு. எழுத்துள்ள முகத்தை நம் பக்கம் வைத்து, கால்கள் கீழே தொங்கப் பார்த்தால், இடமிருந்து வலமாக உள்ளீடு, தரை (கிரவுண்ட்), வெளியீடு. அதன் தம்பி 78எல்05 சின்ன டிரான்சிஸ்டர் உடம்பில் வரும், 100 மில்லிஆம்பியர் வரைதான் தரும். அதன் தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் வரிசை அப்படியே தலைகீழ்: வெளியீடு, தரை, உள்ளீடு. டிரான்சிஸ்டரிலும் இதே கதை. பிசி547ஐத் தட்டை முகம் நம்மைப் பார்க்க வைத்தால் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பல சர்க்யூட்களில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம்தான், ஆனால் பலகையில் அப்படியே செருகினால் வேலை செய்யாது.

அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது, முப்பது பக்கம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். தொடக்கத்தில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்: எந்தக் கால் எது என்ற படம், எந்த மின்னழுத்தத்தில் இயங்கும் என்ற அட்டவணை, எதைத் தாண்டினால் கெட்டுப்போகும் என்ற உச்ச வரம்பு, கடைசிப் பக்கங்களில் உள்ள அளவுப் படம். 1972இல் வந்து இன்றும் விற்கும் 555 என்ற டைமர் சில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண என்இ555க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சர்க்யூட்டில் அதைப் போட்டுவிட்டு ஏன் சரியாக ஓடவில்லை என்று தேடுவதைவிட, அட்டவணையைப் பார்த்து 2 வோல்ட்டிலேயே ஓடும் டிஎல்சி555ஐ வாங்குவது சுலபம்.

எங்கே வாங்குவது? இரண்டு வகை இடங்கள் இருக்கின்றன, அவற்றின் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். முதல் வகை, டிஜிகீ, மௌசர், ஃபார்னெல் போன்ற பெரிய விநியோகஸ்தர்கள். தாங்கள் விற்கும் பிராண்டுகளின் சரக்கை இவர்கள் தயாரிப்பாளரிடமிருந்தே நேராக வாங்குகிறார்கள், அதனால் போலி வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு பாகத்துக்கும் டேட்டாஷீட் இணைப்பும், எத்தனை கையிருப்பில் உள்ளது என்ற எண்ணும் இருக்கும். ஆனால் ஒரே ஒரு ரெசிஸ்டருக்காக ஆர்டர் போட்டால் பாகத்தைவிட அனுப்பும் செலவு பல மடங்காகிவிடும். எனவே தேவைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகப் போடுவதே வழி.

அவர்களுடைய தேடல் பக்கத்தைத் திறந்தால் ஒரே டிரான்சிஸ்டருக்கு ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். கையிருப்பில் உள்ளவை மட்டும் என்று முதலில் வடிகட்டுங்கள். அடுத்து, துளை வழியாகப் பொருத்தும் வகை என்று தேர்ந்தெடுங்கள்; இதைச் செய்ய மறந்தால் பெரும்பாலும் அரிசிமணியைவிடச் சின்னதான மேற்பரப்பு வகைப் பாகங்களே வந்து சேரும். அப்புறம் உற்பத்தி நிறுத்தப்பட்டவற்றை விலக்குங்கள். கடைசியாகக் குறைந்தபட்ச எண்ணிக்கை எவ்வளவு என்று பாருங்கள். சில பாகங்களை முழுச் சுருளாக, ஆயிரக்கணக்கில்தான் விற்பார்கள்.

இரண்டாவது வகை, யார் வேண்டுமானாலும் விற்கக்கூடிய இணையச் சந்தைகளும் சின்னக் கடைகளும். ரெசிஸ்டர், எல்இடி, ஹெடர் பின், சுவிட்ச், கனெக்டர் இவற்றை இங்கே தயங்காமல் வாங்கலாம். ஐசி (பல பாகங்களை ஒரே சில்லில் அடக்கியது), பவர் டிரான்சிஸ்டர், நல்ல தரமான எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இவற்றை மட்டும் முதல் வகை இடத்தில் வாங்குவது நல்லது. போலி ஐசி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் புதிதாக எதையும் செய்வதில்லை. பழைய பலகைகளிலிருந்து கழற்றிய, அல்லது விலை குறைந்த வேறு ஐசியின் முதுகைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, விலை உயர்ந்த பெயரை அதன் மேல் அச்சிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் சில சமயம் பிடித்துவிடலாம். முதல் காலைக் காட்டும் சின்னக் குழி பூச்சால் பாதி மூடியிருக்கும். முதுகும் பக்கவாட்டும் வெவ்வேறு சொரசொரப்பாக இருக்கும். புதியது என்று விற்ற ஐசியின் கால்களில் பழைய சால்டர் ஒட்டியிருக்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் அழுத்தித் தேய்த்தால் சில பூச்சுகள் கறுப்பாகப் பஞ்சில் வரும். வராவிட்டால் அசல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, வேறு வகைப் பூச்சும் உண்டு.

வீட்டில் எப்போதும் இருக்க வேண்டிய சரக்கு என்று சொன்னால், கால் வாட் ரெசிஸ்டர்களில் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று போகும் வரிசையிலிருந்து 10, 22, 47 இவற்றையும் இவற்றின் பத்து, நூறு, ஆயிரம் மடங்குகளையும் மட்டும் வைத்திருந்தாலே முக்கால்வாசி சர்க்யூட் ஓடும். மேலே 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டரை அள்ளி வாங்குங்கள். 10க்குப் பின் நான்கு சுழியம் போட்டால் 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 100 நானோஃபாரட். ஒவ்வொரு ஐசியின் மின்சாரக் காலுக்கும் தரைக்காலுக்கும் நடுவே, முடிந்த அளவு நெருக்கமாக, ஒன்று வைப்பது வழக்கம். ஐசி திடீரென்று மின்னோட்டத்தை இழுக்கும்போது பக்கத்திலிருந்தே கொடுப்பதற்காக. 1என்4007, 1என்4148 டையோடுகள், பிசி547, பிசி557, 555, எல்எம்358, 7805, அப்புறம் ஐசி சாக்கெட்டுகள். இது ஒரு சின்ன டப்பாவில் அடங்கும்.

பழைய பலகைகளிலிருந்து கழற்றுவதும் நல்ல வழிதான். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு), டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், ரிலே, கிரிஸ்டல் இவை பல ஆண்டு கழித்தும் நன்றாக இருக்கும். பழைய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை மட்டும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் வறண்டுவிடும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுவரில் செருகும் பவர் சப்ளைகளுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில், 230 வோல்ட் லைன் என்றால் சுமார் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது தங்கியிருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பது அதைவிடப் பல மடங்கு, ஆளையே கொல்லும். மைக்ரோவேவைத் திறக்கவே வேண்டாம்.

பாகங்கள் வந்துவிட்டன. இப்போது வரையலாம். கைகேட் என்ற இலவச மென்பொருள் போதும். 1992இல் ஜான்-பியர் ஷராஸ் தொடங்கியது, இன்று தொழில்முறைப் பலகைகளையும் அதில் வரைகிறார்கள். வீட்டில் செய்யும் பலகைக்கு அதன் அளவுகளைத் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். தடத்தின் அகலம் 0.5 மி.மீ.க்குக் குறையாமல், பவர் தடங்கள் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல். ஒரு அவுன்ஸ் செம்பில் 1 மி.மீ. தடம் 2 ஆம்பியர் வரை பெரிதாகச் சூடாகாமல் கடத்தும். தடங்களுக்கு நடுவேயும் 0.5 மி.மீ. விடுங்கள். பேடுகளை மென்பொருள் தருவதைவிடப் பெரிதாக்குங்கள், 2 மி.மீ. அளவுக்கு இருந்தால் துளை கொஞ்சம் தள்ளிப்போனாலும் செம்பு மிஞ்சும். ஐசி கால்களின் இடைவெளி 2.54 மி.மீ. மட்டுமே என்பதால் அங்கே பேடை நீளவட்டமாக்கிக்கொள்ளலாம். ஒரே பக்கத்தில் எல்லாத் தடங்களையும் வரைய முடியாமல் இரண்டு தடங்கள் குறுக்கிட்டால், மேலே ஒரு ஜம்பர் கம்பி போட்டுத் தாண்டுங்கள். காலி இடத்தை எல்லாம் தரைச் செம்பாக நிரப்பிவிட்டால் கரைக்க வேண்டிய செம்பு குறையும், கரைசல் மிச்சமாகும்.

வரைந்து முடித்ததும் சாதாரணக் காகிதத்தில் 100 சதவீத அளவில் அச்செடுங்கள். அச்சிடும் பெட்டியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருந்தால் படம் சுருங்கிவிடும். படத்தின் ஓரமாக 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து வைத்து, அச்சில் அளவுகோலால் அளந்து பாருங்கள். அப்புறம் காகிதத்தை ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் வைத்து, கையில் இருக்கும் பாகங்களின் கால்களை ஒவ்வொன்றாகக் குத்தி நிறுத்துங்கள். ஐசியின் எட்டுக் கால்களும் புள்ளியில் இறங்க வேண்டும். ரெகுலேட்டரின் ஹீட்சிங்க் பக்கத்துக் கெபாசிட்டரில் முட்டுகிறதா, கம்பியைத் திருகி இறுக்கும் ஸ்க்ரூ டெர்மினலின் வாய் பலகையின் வெளிப்பக்கம் பார்க்கிறதா, எல்லாம் இப்போதே தெரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் திருத்தினால் ஒரு தாள்தான் வீண்.

படத்தைச் செம்புக்கு மாற்றப் பல வழிகள். புற ஊதா ஒளியில் இறுகும் ஃபிலிமை ஒட்டிச் செய்வது நுணுக்கமான கோடுகளைத் தரும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் வைத்திருப்பவர்கள் செம்பைச் சுரண்டியே எடுத்துவிடுவார்கள். தொடக்கத்துக்கு டோனர் முறை போதும். லேசர் பிரிண்டரின் டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிக் காகிதத்தில் ஒட்டியது, மறுபடி சூடுபட்டால் செம்பிலும் ஒட்டும்; ஒட்டிய இடத்தைச் செம்பு கரைக்கும் கரைசல் தொடாது. இங்க்ஜெட் பிரிண்டரில் இது நடக்காது.

புதியவர்கள் அதிகம் குழம்புவது எந்தப் பக்கம் திருப்பி அச்சிடுவது என்பதில். காகிதத்தைக் கவிழ்த்துச் செம்பின் மேல் வைப்பதால் படம் ஒருமுறை இடவலம் மாறும். கைகேட், கீழ்ப்பக்கத் தடங்களைப் பலகையின் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பது போலத் திரையில் காட்டுகிறது, அதாவது அவை ஏற்கெனவே இடவலம் மாறித்தான் இருக்கின்றன. எனவே கீழ்ப்பக்கச் செம்பைத் திருப்பாமல் அப்படியே அச்சிட வேண்டும். மேல்பக்கச் செம்பு என்றால் திருப்ப வேண்டும். இதை நினைவில் வைக்க முடியாவிட்டால், அந்தச் செம்பு அடுக்கிலேயே ஏதாவது ஒரு சொல்லை எழுதி வையுங்கள். காகிதத்தில் அந்தச் சொல் கண்ணாடியில் தெரிவது போலத் தலைமாறி இருந்தால் செம்பில் நேராக வரும்.

பளபளப்பான மெல்லிய தாளில், டோனர் சேமிப்பை நிறுத்திவிட்டு, அழுத்தமான கறுப்பில் அச்சிடுங்கள். செம்பை மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது. விரல் ரேகையின் எண்ணெயில் டோனர் ஒட்டாது. அயர்ன் பாக்ஸில் நீராவி வேண்டாம், சூட்டை அதிகபட்சத்தில் வையுங்கள். தாளைக் கவிழ்த்து வைத்து மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். தேய்க்காமல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் கோடுகள் நசுங்கும். நடுப்பகுதி சுலபமாக ஒட்டிவிடும், ஓரங்களுக்குத்தான் கவனம் தேவை. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் தாள் கூழாகிக் கட்டைவிரலால் உருட்டி எடுக்க வரும். பேட்களின் நடுத்துளையில் தங்கும் நாரையும் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்துவிடுங்கள். விட்டுப்போன கோடுகளைப் பெர்மனன்ட் மார்க்கரால் நிரப்பலாம்.

அடுத்து அரிப்பு. பெர்ரிக் குளோரைடு கரைசல் செம்பைக் கரைத்து எடுக்கும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தட்டு மட்டும்; உலோகப் பாத்திரத்தையும் அது தின்றுவிடும். தூளாக வாங்கினால் நீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தூளின் மேல் நீரை ஊற்றாதீர்கள். கரையும்போது நன்றாகச் சூடேறும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். துணியில் பட்ட பழுப்புக் கறை போகவே போகாது. கரைசல் 40 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருந்து, தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால், புதுக் கரைசலில் கால் மணி நேரத்துக்குள்ளேயே முடியக்கூடும். கடைசிச் செம்புத் தீவு மறைந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் டோனருக்கு அடியில் பக்கவாட்டாகவும் அரித்துத் தடம் மெலியும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து செய்யும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வேகமானதுதான், ஆனால் அதன் புகை மூச்சுக்கு ஆகாது, தொடக்கத்தில் வேண்டாம்.

பயன்படுத்திய கரைசலைக் கழிவுத் தொட்டியில் ஊற்றவே கூடாது. அதில் கரைந்திருக்கும் செம்பு மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் விஷம். பெயர் எழுதிய பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி வையுங்கள், மறுபடி பல பலகைகளுக்கு உதவும். வலுவிழந்த பிறகு அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

பலகையைக் கழுவி, டோனரை அசிட்டோனால் துடைத்துவிட்டுத் துளையிட வேண்டும். ரெசிஸ்டருக்கும் ஐசிக்கும் 0.8 மி.மீ., 1என்4007 டையோடுக்கும் ஹெடருக்கும் 1 மி.மீ., ஸ்க்ரூ டெர்மினலுக்கு 1.3 மி.மீ. அச்சிடும்போதே துளைக்குறி சின்னதாக வரும்படி அமைத்திருந்தால், பேட்டின் நடுவே செம்பில்லாத ஒரு புள்ளி இருக்கும். டிரில் முனை அதில் தானாக உட்காரும். எஃப்ஆர்4 தூசியில் கண்ணாடி இழை இருப்பதால் முகமூடி கட்டாயம்.

சால்டரிங்குக்கு 63/37 கலவை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) பழகச் சுலபம், 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாதவை பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். சால்டரிங் அயர்னின் முனை பேட்டையும் காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டும் சூடான பிறகு சால்டரைக் காலில் கொடுங்கள், அது தானாகப் பாய்ந்து காலைச் சுற்றிக் கூம்பாக நிற்கும். உருண்டையாக நின்றால் பேட் சூடாகவில்லை என்று அர்த்தம். உயரம் குறைந்த பாகத்தில் தொடங்கி உயர்ந்ததற்குப் போங்கள். வேலை முடிந்ததும் கைகழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

வீட்டுப் பலகையின் எல்லை எங்கே வருகிறது என்றால், துளைகளுக்குள் செம்புப் பூச்சு கிடையாது. தொழிற்சாலைப் பலகையில் துளையே இரண்டு பக்கத்தையும் இணைக்கும். நம்முடையதில் ஒவ்வொரு இணைப்புக்கும் கம்பியை நுழைத்து இரண்டு பக்கமும் சால்டர் செய்ய வேண்டும். நெருக்கமான இருபக்கப் பலகை, கால்கள் மெலிந்த ஐசி என்று போகும்போது, அதே கைகேட் கோப்பை, பலகைத் தொழிற்சாலைகள் படிக்கும் கெர்பர் வடிவத்தில் எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஆனால் ஒரு யோசனையை அன்றே சோதிக்க வேண்டும் என்றால் வீட்டுப் பலகைக்கு ஈடில்லை. காலையில் வரைந்தது மாலையில் ஓடும்.

முதல் முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன் பலகையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முடியிழை போன்ற செம்புக் கீற்று இரண்டு தடங்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்னொளியில் தெரியும். கத்தி நுனியால் சுரண்டினால் போதும். மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து பிளஸ்ஸுக்கும் தரைக்கும் இடையே தொடுங்கள். கெபாசிட்டர் நிரம்பும் ஒரு கணம் ஒலித்து நின்றால் பரவாயில்லை, தொடர்ந்து ஒலித்தால் எங்கோ ஷார்ட். அது இல்லையென்றால் ஐசியைச் செருகாமல், சாக்கெட்டை மட்டும் வைத்து மின்சாரம் கொடுத்து, 555ஆக இருந்தால் 8ஆம் காலுக்கும் 1ஆம் காலுக்கும் இடையே சரியான வோல்ட் வருகிறதா என்று அளவெடுங்கள். சரியாக இருந்தால் அணைத்துவிட்டு, ஐசியைச் செருகி மறுபடி கொடுங்கள். சின்ன மின்னழுத்தச் சர்க்யூட் என்றால் முதல் சில நொடிகளில் ஒவ்வொரு பாகத்தையும் விரலால் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். ஏதாவது ஒன்று சுடத் தொடங்கினால் உடனே அணையுங்கள். ஐசி திரும்பிச் செருகப்பட்டிருக்கிறதா, எலெக்ட்ரோலிட்டிக்கின் வெள்ளைக்கோடு மைனஸ் பக்கம்தான் இருக்கிறதா, ரெகுலேட்டர் 7805ஆ 78எல்05ஆ என்று அந்த வரிசையில் தேடுங்கள்.